மழையிலும் மூடுபனியிலும் எந்த விளக்கு?

(ஜுமுஆவுக்குப் பின் வேன், ஆட்டோ ஓட்டுநர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் நம் டிரஸ்ட் சார்பில் ஆற்றிய உரை)





எங்கள் தவறு ஒன்றைச் சொல்லித்தான் இன்று தொடங்க வேண்டும். போன ஐப்பசியில் டிரஸ்ட் வேனில் திருச்செந்தூர் சாலையில் போனோம். செய்துங்கநல்லூர் தாண்டியதும் அடைமழை. எல்லோரும் செய்கிறார்களே என்று நாலு இண்டிகேட்டரையும் ஒன்றாக எரியவிட்டு மெதுவாக ஓட்டினோம். சற்று தூரத்தில் வலப்பக்கம் திரும்பினோம். பின்னால் பைக்கில் வந்த தம்பி, வேன் பழுதாகி நிற்கிறது என்று நினைத்து வலப்பக்கமாக முந்தி வந்திருக்கிறார். மோதி விழுந்தார். கை முறிந்தது, அல்லாஹ்வின் கிருபையால் உயிருக்கு ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் அவர் கேட்டது ஒன்றுதான்: “நீங்க திரும்பப் போறீங்கன்னு எனக்கு எப்படி பாய் தெரியும்?” எங்களிடம் பதில் இல்லை.

நாலும் சேர்ந்து மின்னும்போது, திரும்பும் பக்கத்தைக் காட்ட வழியில்லை. அது நின்றுபோன வண்டிக்கான விளக்கு. பஞ்சர் ஆனாலோ, மழைக்கு ஓரம் கட்டினாலோ போடலாம். ஓடும் வண்டிக்கு அது வேண்டாம்.

அப்படியானால் மழையில் எதைப் போடுவது? ஹெட்லைட்டை டிம்மில் போடுங்கள், பகலானாலும் சரி. நமக்குப் பாதை தெரிகிறதே என்று சிலர் கேட்பார்கள். நாம் பார்ப்பதற்காக மட்டும் அல்ல, பிறர் நம்மைப் பார்ப்பதற்காகவும்தான் அந்த விளக்கு. 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வண்டிகளில் முன்விளக்கு எப்போதும் எரியும்படி வருவதும் அதற்காகவே. பழைய வண்டிக்காரர்கள் தாங்களே சுவிட்சைப் போட வேண்டும். பார்க்கிங் லைட் மட்டும் போதாது. சில புதிய கார்களில் பகலில் முன்னால் மட்டும் தானாக ஒரு வெளிச்சம் வரும். பின்னால் சிவப்பு எரியாது. சுவிட்சைத் திருகினால்தான் பின்விளக்கும் எரியும்.

மூடுபனிக்கு வருவோம். மாஞ்சோலை ஏற்றத்திலும், செங்கோட்டை தாண்டிய மலைப்பாதையிலும் பனி இறங்கும். மார்கழியில் சுபுஹுக்குப் போகும்போது ஆற்றங்கரை வயல் சாலையிலும் பார்க்கிறோம். அங்கே பலரும் பிரைட் போடுகிறார்கள். அந்த வெளிச்சம் பனித்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். எதிரே வெள்ளைச் சுவர் நிற்பதுபோல் இருக்கும். டிம் வெளிச்சம் தரையோடு போவதால் சாலையின் ஓரக்கோடாவது தெரியும். பம்பரில் பனிவிளக்கு இருந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள். பனி விலகியதும் அணைத்துவிடுங்கள். எதிரே வருபவர் கண் கூசும்.

எந்த விளக்கும் வேகத்துக்கு ஈடாகாது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்தில் மட்டும் போங்கள். வெளிநாட்டிலிருந்து வருபவரை அழைக்க நள்ளிரவில் திருவனந்தபுரம் விமான நிலையம் போகும் வீட்டார்களே, மழை கண்ணை மறைத்தால் பெட்ரோல் பங்கிலோ டீக்கடையிலோ ஒதுங்கி நில்லுங்கள். வந்து இறங்கியவர் ஒரு மணி நேரம் காத்திருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை நாம் மறக்க முடியாது. அப்படிப்பட்ட மழையில் எந்த விளக்கும் உதவாது. வண்டியை எடுக்காமல் இருப்பதே நல்லது.

இன்னொன்று, அறுவடைக் காலத்தில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் டிரெய்லர்கள் பின்விளக்கே இல்லாமல் போகின்றன. சொந்தமாக வைத்திருப்பவர்கள் பின்பக்கம் சிவப்பு ஒளிரும் ஸ்டிக்கராவது ஒட்டுங்கள்.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று படித்தவர்கள் நாம். எரியாத பின்விளக்கும் அப்படியொரு இடையூறுதான். அடுத்த வெள்ளி தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் வண்டிகளின் விளக்குகளைப் பார்த்துத் தருகிறோம். பல்பு போயிருந்தால் டிரஸ்ட் செலவில் மாற்றுவோம். முதலில் வந்து நிற்கப்போவது எங்கள் வேன்தான்.