வலிக்காத தேமல்



வலித்தால் நாம் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். வலிக்காவிட்டால்? சும்மா இருந்துவிடுகிறோம். என் அம்மாவும் அப்படித்தான் இருந்தார்.

அம்மாவின் கையில் வெளிறிய தேமல் ஒன்று இருந்தது. அரிக்கவில்லை. வலிக்கவில்லை. "தேமல்தானே" என்று விட்டுவிட்டார். ஒரு நாள் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கினார். விரல் வெந்து கொப்பளித்தது. அவருக்குச் சுடவே இல்லை!

டாக்டர் பார்த்தார். தொழுநோய் என்றார். அம்மா அழுதார். "நான் என்ன பாவம் செய்தேன்?" என்று கேட்டார்.

இது பாவம் இல்லை. சாபமும் இல்லை. ஒரு கிருமிதான் காரணம். 1873-இல் நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் அதைக் கண்டுபிடித்தார். அந்தக் கிருமி நரம்பைக் கெடுக்கிறது. அதனால்தான் உணர்ச்சி போகிறது.

அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம். சிலருக்கு 6 மாதம். சிலருக்கு 12 மாதம். மாத்திரை சாப்பிடத் தொடங்கினால் பிறருக்குப் பரவாது. யாரையும் ஒதுக்க வேண்டாம்.

அம்மா 12 மாதம் சாப்பிட்டார். நோய் குணமானது. ஆனால் இரண்டு விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. முன்பே போயிருந்தால் அவை தப்பியிருக்கும். அந்தக் கையால்தான் அம்மா நம் வகுப்பில் கையெழுத்துப் போடக் கற்றார்.

நாளைக் காலையில் நல்ல வெளிச்சத்தில் உங்கள் உடம்பைப் பாருங்கள். முதுகை வீட்டார் பார்க்கட்டும். வெளிறிய தேமல், சிவந்த தேமல் உண்டா? கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அதைப் பஞ்சால் தொடச் சொல்லுங்கள். தொடுவது தெரியவில்லையா? ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். எல்லாத் தேமலும் தொழுநோய் அல்ல. பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

தனியாகப் போகக் கூச்சமா? என்னிடம் சொல்லுங்கள். நானும் கூட வருகிறேன்.