வசைச் சொல்லும் தலைக் கணக்கும்

(மக்கள் தொகைக் கணக்கெடுப்புப் பணியாளர் பயிற்சி வகுப்பொன்றில் ஆற்றப்பட்ட உரை)

2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் குடும்பப் படிவத்தில் ஒன்பதாவது வினா, வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் உடலாலோ மனத்தாலோ ஊனமுற்றவரா என்று கேட்டது. ஆம் எனில், எவ்வகை என்பதைக் குறியீட்டெண்ணால் குறிக்க வேண்டும். பார்வைக்கு 1, செவிக்கு 2, பேச்சுக்கு 3, நடமாட்டத்திற்கு 4, மனவளர்ச்சிக் குறைவுக்கு 5, மனநோய்க்கு 6 என்பவை அக்குறியீடுகளுள் முதல் ஆறாகும். முதல் நான்கைக் கேட்பதில் பணியாளருக்குப் பெரும் சங்கடம் நேர்ந்திராது. ஐந்தையும் ஆறையும் வாசலில் நின்று உரக்கக் கேட்பது வேறு காரியம். ஆங்கிலப் படிவத்தில் 'மென்டல் ரிடார்டேஷன்', 'மென்டல் இல்னஸ்' என்று அச்சிடப்பட்டிருந்த அவ்விரு தொடர்களும் முன்னரே தெருவிற்கு வந்து வசையாகிவிட்டவை. முன்னதிலிருந்து 'ரிடார்டட்' பிறந்தது. இரண்டுக்கும் பொதுவான 'மென்டல்' என்ற அடைமொழி, ஆங்கிலம் அறியாதவர் வாயிலும் புழங்கும் ஏச்சாயிற்று. அண்டை வீட்டார் காதில் விழும்படி அவ்வினா கேட்கப்பட்டால், தம் பிள்ளை ஏசப்படுவதாகவே ஒரு தாய் அதனைக் கொள்வார். 'அப்படி யாரும் இங்கே இல்லை' என்ற விடையே பெரும்பாலும் வரும்.

அக்கணக்கெடுப்பின்படி நாட்டில் ஊனமுற்றோர் 2.68 கோடி, மக்கள் தொகையில் 2.21 சதவீதம். அவர்களுள் ஐந்தாம் குறியீடு பெற்றவர்கள் சுமார் 15 லட்சம், ஆறாம் குறியீடு பெற்றவர்கள் சுமார் 7.2 லட்சம். பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் கழகம் 2015-16இல் பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய மனநல ஆய்வு, வயது வந்தோருள் 0.8 சதவீதத்தினர் கடுமையான மனநோயால் அவதியுறுவதாக மதிப்பிட்டது. இவ்விகிதத்தை நாடு முழுமைக்கும் பொருத்தினால் எண்ணிக்கை அரைக் கோடியைத் தாண்டும். மனநோயுற்றோர் அனைவரும் ஊனமுற்றோர் என்ற வரையறைக்குள் வாரார் என்பதும், மருத்துவ ஆய்வின் அளவுகோலும் கணக்கெடுப்பின் அளவுகோலும் வேறு என்பதும் உண்மையே. எனினும் அரைக் கோடிக்கும் ஏழு லட்சத்திற்கும் இடையே உள்ள பள்ளத்தை வரையறை வேற்றுமை ஒன்றைக் கொண்டே தூர்த்துவிட இயலாது. அதில் ஒரு பகுதி, வாசலில் விழுங்கப்பட்ட விடைகளாகும்.

இச்சொற்கள் எல்லாம் ஏசுவதற்கென்று ஆக்கப்பட்டவை அல்ல என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று. பிரான்சில் பினேயும் சிமோனும் 1905இல் அறிவுத் திறனை அளக்கும் சோதனையை வகுத்தனர். பள்ளியில் தனிக் கவனம் வேண்டிய குழந்தைகளைக் கண்டறிவதே அவர்களது நோக்கம். 'இடியட்', 'இம்பெசில்' என்பன அக்கால மருத்துவர் கையாண்ட படிநிலைப் பெயர்கள். அமெரிக்க உளவியலார் காடர்டு 1910இல் அவற்றிற்கு மேற்படியாக 'மோரன்' என்ற சொல்லைக் கிரேக்கத்திலிருந்து ஆக்கிச் சேர்த்தார். நம் நாட்டில் 1912ஆம் ஆண்டின் இந்திய லூனஸிச் சட்டம், 'லூனடிக்' என்பவர் யார் என்று விளக்கப் புகுந்த இடத்தில் 'இடியட்' என்ற சொல்லையே ஆண்டது. 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்து, 1993இல் நடைமுறைக்கு வரும் வரை, மாணவனைப் பார்த்து ஆசிரியர் வீசிய அதே சொல் நீதிமன்ற ஏட்டிலும் உயிரோடிருந்தது.

இச்சொற்களை மருத்துவர்கள் கைவிட்டு நெடுங்காலமாயிற்று, இனி அவை எவரையும் குறிப்பதில்லை, ஆகவே ஏச்சாக வழங்குவதால் கேடில்லை என்று வாதிடுவோர் உளர். 'இடியட்' போன்ற ஒரு சொல்லைப் பொறுத்தவரை இவ்வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு என்றே கொள்ளலாம். இன்று எந்த மருத்துவக் குழுவும் அப்பெயரில் சான்றிதழ் தருவதில்லை. அச்சொல்லைக் கேட்டுத் தன் மகளை எண்ணித் துணுக்குறும் தாயும் அரிதாகவே இருப்பார். ஏனைய சொற்களுக்கு இச்சலுகை பொருந்தாது. அமெரிக்கா 2010இல் தன் கூட்டாட்சிச் சட்டங்களிலிருந்து 'மென்டல் ரிடார்டேஷன்' என்ற தொடரை நீக்கியது. நம் 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டமும் அதனைத் தவிர்த்து, அறிவுசார் குறைபாடு என்றே கூறுகிறது. ஆயினும் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ச் சான்றிதழ் பெற்ற குடும்பங்கள் எத்தனையோ. அக்காகிதங்களில் பழைய தொடரே தட்டச்சாகி, பெட்டியில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் தன் பெயரிலேயே அத்தொடரைத் தாங்கி வந்தது. அரசமைப்பின் ஏழாம் அட்டவணை, பொதுப் பட்டியல், 16ஆம் இனத்தில் 'லூனடிக்' என்ற சொல்லே இடம் பெற்றிருக்கிறது. வாஷிங்டனில் வழக்கொழிந்த சொல் ஒரு வட்டத் தலைநகரில் இன்னும் ஒருவரது அடையாளமாக இருக்கக்கூடும். ஒரு சொல் காலாவதியாகிவிட்டதா என்பதை அகராதியைக் கொண்டு தீர்மானிப்பதை விட, அதனைத் தாங்கிய சான்றிதழ் எவர் வீட்டிலேனும் உண்டா என்று கேட்டுத் தீர்மானிப்பதே பொருத்தமாகும்.

பெயரை மாற்றினால் போதும் என்ற நம்பிக்கைக்கும் வரலாறு முழு ஆதரவு தரவில்லை. பிரிட்டனில் 1952இல் தோன்றிய ஸ்பாஸ்டிக்ஸ் சங்கம், தன் பெயர் பள்ளிச் சிறுவரின் கேலிச் சொல்லாகிவிட்ட நிலையில் 1994இல் அதனைக் கைவிட்டு வேறு பெயர் பூண்டது. பம்பாயில் 1972இல் தொடங்கிய இந்திய ஸ்பாஸ்டிக்ஸ் சங்கமும் பின்னர்ப் புதுப் பெயர் சூடியது. செகந்திராபாத்தில் 1984இல் நிறுவப்பட்ட தேசியக் கழகத்தின் பெயரும் அவ்வாறே மாறியது. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 1871இல் தோன்றிய விடுதி 1922இல் அரசு மனநோய் மருத்துவமனையாகி, பின்னர் மனநலக் கழகமும் ஆயிற்று. ஏசுவோர் அதற்காகச் சிரமப்படவில்லை; ஊரின் பெயரையே எடுத்துக்கொண்டனர். வடக்கே ஆக்ராவுக்கும் ராஞ்சிக்கும், கேரளத்தில் குதிரவட்டத்திற்கும் ஊளம்பாறைக்கும் இதே கதி நேர்ந்தது. தாஜ்மகால் உள்ள ஊருக்கு அனுப்புவதாகச் சொன்னால் ஒருவர் சினங்கொள்வது வேறெந்த நாட்டாருக்கும் விளங்காது. 'திவ்யாங்' என்ற சொல்லை மைய அரசுத் துறை 2016இல் ஏற்றபோது, தெய்விகம் வேண்டாம், உரிமையே வேண்டும் என்று மாற்றுத் திறனாளர் அமைப்புகள் சில மறுப்புத் தெரிவித்ததும் இங்கு நினைவுகூரத்தக்கது. பெயர் மாற்றம் வேண்டத்தக்கதே. ஆனால் ஏசும் பழக்கம் மாறாதிருப்பின் அது புதுப் பெயரையும் தேடிப் பிடித்துக்கொள்ளும்.

சட்டம் ஓரளவே உதவும். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92ஆம் பிரிவு, பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில் மாற்றுத் திறனாளி ஒருவரை இழிவுபடுத்தும் எண்ணத்துடன் வேண்டுமென்றே அவமதிப்பவருக்கு ஆறு மாதத்திற்குக் குறையாமல் ஐந்தாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. நண்பன் நண்பனை 'மென்டல்' என்பது இதனுள் அடங்காது. 2024 ஜூலையில் திரைப்படச் சித்திரிப்பு பற்றிய ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், 'கிரிப்பிள்', 'ஸ்பாஸ்டிக்' போன்ற சொற்கள் சமூகத்தில் இழிபொருள் பெற்றுவிட்டமையைச் சுட்டி, படம் எடுப்போருக்கு நெறிமுறைகளை வகுத்தது. நண்பர்களிடையிலான பேச்சு எந்த நீதிமன்றத்திற்கும் எட்டாதது. அங்கே வழக்கமே சட்டம். திட்டுவதற்குத் தமிழில் சொற்பஞ்சமும் இல்லை. முட்டாள், மூடன், அறிவிலி என்று எந்த மருத்துவரும் எவருக்கும் சான்றிதழ் எழுதியதில்லை.

இவ்வளவும் நாகரிகம் பற்றிய பேச்சு மட்டுமே எனப் புள்ளிவிவரத் துறையினர் கருத வேண்டியதில்லை. 1995ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணியில் 3 சதவீத ஒதுக்கீடு அளித்தபோது, அறிவுசார் குறைபாடு உடையோருக்கும் மனநோயுற்றோருக்கும் அதில் பங்கில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 4 சதவீதமாக்கி, ஒரு சதவீதத்தில் அவர்களையும் சேர்த்தது. அதற்கு 40 சதவீதத்திற்குக் குறையாத குறைபாடு சான்றளிக்கப்பட வேண்டும். அறிவுசார் குறைபாடு உடையோர், தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு பெறவும் சான்றிதழ் தேவை. சான்றிதழ் கேட்டுப் போவதே அவமானம் எனக் கருதும் குடும்பம் இவற்றின் அருகே வருவதில்லை. எண்ணிக்கை குறைந்த மாவட்டத்திற்குச் சிறப்பாசிரியரும் பயிற்சி நிலையமும் குறைவாகவே கேட்கப்படும். அவை இல்லாத ஊரில் பிள்ளையை வெளியே கொணர்ந்து காட்டுவதால் ஆவது ஒன்றுமில்லை என்று பெற்றோர் முடிவு செய்வர். 2011இல் ஆண்களுள் 2.41 சதவீதமும் பெண்களுள் 2.01 சதவீதமும் ஊனமுற்றோர் எனப் பதிவாயினர். அவ்வேறுபாட்டிற்குக் காரணங்கள் பல இருக்கலாம். மகளின் திருமணம், அவளுடைய தங்கையின் திருமணம் பற்றிய அச்சமும் அவற்றுள் ஒன்று என்பதைக் களத்தில் நின்றவர்கள் அறிவர்.

இதற்கு ஒரு நடைமுறை வழி உண்டு. ஐக்கிய நாடுகளின் புள்ளிவிவர ஆணையத்தின் கீழ் 2001இல் அமைந்த வாஷிங்டன் குழு, குறையின் பெயரைக் கேளாமல் செயலைக் கேட்கும் ஆறு வினாக்களை வகுத்தது. கண்ணாடி அணிந்தும் பார்ப்பதில் சிரமம் உண்டா, நடப்பதிலோ படி ஏறுவதிலோ சிரமம் உண்டா, நினைவில் வைப்பதிலோ கவனம் செலுத்துவதிலோ சிரமம் உண்டா என்று அவை செல்லும். விடையும் ஆம், இல்லை என்பதோடு நில்லாது; சிறிது, மிகுதி, இயலவே இயலாது என்று படிப்படியாக அமையும். 'மென்டல்' என்ற சொல்லுக்கு இவ்வினாக்களில் இடமே இல்லை.

2027ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்கான அறிவிக்கை 2025 ஜூனில் வெளியிடப்பட்டது. படிவத்தின் சொல்லை மாற்றும் அதிகாரம் களப் பணியாளருக்கு இல்லை. குரலைத் தாழ்த்திக் கேட்கலாம். அக்கம்பக்கத்தார் கூடி நின்றால் உள்ளே சென்று அமர்ந்து கேட்கலாம். பையன் சொன்னதை மறந்துவிடுகிறானா, தானே உடுத்திக்கொள்கிறானா, பள்ளிக்குப் போகிறானா என்று முதலில் பேச்சைத் தொடங்கி, குறியீட்டெண்ணைப் பின்னர் எழுதலாம். அவன் அங்கேயே இருந்தால் அவனிடமும் கேட்கலாம்.