வீடியோவிலிருந்து போட்டோவுக்கு மாறும்போது

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதிலிருந்து)



போன கூட்டத்தில் கடன் விண்ணப்பங்களை வாசித்தபோது ஒரு விண்ணப்பத்துக்குப் பல பேர் சிரிச்சீங்க. கறவை மாடு, ஆட்டுக்குட்டி, தையல் மெஷின் என்று போய்க்கொண்டிருந்த வரிசையில் திடீரென்று "கேமரா ட்ரோன், ஒன்று" என்று வந்தது. சிரிப்பு அடங்கினதும் பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா கேட்டாங்க: "ஏனுங்க, அதை வச்சுத் தவணை கட்ட முடியுமா?" சரியான கேள்வி. கட்ட முடியும். ஆனால் எடுத்த படத்தைப் பார்ட்டி வாங்கிக்கணும். அதுக்கு என்ன கவனிக்கணும் என்பதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் இன்று பேசப்போறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். டிவியில் நீங்க பார்த்த 'நமோ ட்ரோன் தீதி' வேற. அது 2023 நவம்பரில் மத்திய அரசு கொண்டுவந்தது. 2023-24 முதல் 2025-26 வரை 15,000 மகளிர் குழுக்களுக்கு என்று போட்ட திட்டம். விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் வரை மானியம். அந்த ட்ரோன் வயலில் மருந்தும் உரமும் தெளிக்கும். நான் சொல்வது கல்யாண வீடுகளில் 'ஹெலிகேம்' என்கிறார்களே, அந்தச் சின்ன கேமரா ட்ரோன்.

ராசிபுரம் பக்கம் நம்ம உறுப்பினர் ஒருத்தர் சங்கக் கடனில் ஒன்று வாங்கினார். பறக்கவிடுவதில் நல்ல கை. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பை வீடியோ எடுத்திருக்கார், ரொம்ப அழகா வந்திருக்கு. அது முடிந்ததும் ஒறம்பரை மொத்தமும் மண்டபத்து வாசலில் நின்று மேலே பார்த்துக் கையசைக்க, போட்டோவுக்கு மாற்றி நாலைந்து படம் எடுத்தார். செல்போன் திரையில் பார்த்தால் குறை தெரியலை. ஸ்டூடியோவில் கம்ப்யூட்டரில் பெரிசு பண்ணினால், அசைத்த கையெல்லாம் புகை மாதிரி. முகங்கள் இழுபட்டு நிற்குது. ஆல்பத்தின் நடுப்பக்கத்துக்குச் சொல்லி வைத்த படம் அது. பார்ட்டி பணத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க. அந்த மாதத் தவணையை அவங்க குழு சேமிப்பிலிருந்து சரிக்கட்டினது. எல்லாரையும் மறுபடி வரவழைத்து அதே வாசலில் நிற்கவைக்க முடியுமா?

கேமராவில் ரிப்பேர் எதுவும் இல்லை. வீடியோவுக்கு வைத்த அளவு போட்டோவிலும் அப்படியே இருந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

ஷட்டர் என்று ஒன்று இருக்கு. வெளிச்சம் உள்ளே வர எவ்வளவு நேரம் கதவைத் திறந்து வைக்கணும் என்பதுதான் அந்த அளவு. திரையில் 1/50 என்று இருந்தால் ஒரு நொடியை 50 பங்கு போட்டு அதில் ஒரு பங்கு நேரம். 1/500 என்றால் 500 பங்கில் ஒன்று. எண் பெரிசாகப் பெரிசாக நேரம் குறையும். இதில் நிறைய பேர் தடுமாறுவாங்க. ஒரு படி அரிசியை 50 வீட்டுக்குப் பங்கிட்டால் ஒரு கை வரும், 500 வீட்டுக்கு என்றால் நாலு பருக்கைதான் வரும். அப்படி நினைச்சுக்கங்க.

வீடியோவுக்கு 1/50தான் அழகு. நம்ம ஊரில் வீடியோவை நொடிக்கு 25 படம் என்று வைத்து எடுக்கிறது நல்லது. அதுக்கு இரண்டு மடங்கு, அதாவது 1/50, ஷட்டர். ஒவ்வொரு படமும் துளி கலங்கலா இருக்கும், அந்தக் கலங்கல்தான் அடுத்தடுத்த படங்களைச் சேர்த்து ஓட்டத்தை வழவழப்பாகக் காட்டுது. ஒவ்வொன்றும் துல்லியமா இருந்தால் நடக்கிற ஆள் வெட்டி வெட்டி நடக்கிற மாதிரி இருக்கும். ஏன் 25 என்றால் நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மண்டபத்து டியூப் லைட் நொடிக்கு 100 தடவை மின்னி அணையுது, கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 30 படம், 1/60 என்று வைத்தால் வீடியோவில் பட்டை பட்டையா ஓடலாம். 1/50 வைத்தால் அந்தத் தொல்லை வராது.

போட்டோவுக்கு இந்தக் கணக்கு எடுபடாது. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஒருத்தர் நடந்து வர்றார் என்று வைங்க. 1/50 நொடியில் அவர் 2 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். 1/500 நொடியில் 2 மில்லிமீட்டர்தான். மாப்பிள்ளை பைக்கில் 36 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 1/50 நொடிக்குள் 20 சென்டிமீட்டர், ஒரு சாண் தூரம் தாண்டிடுவார். ட்ரோனே நகர்ந்துகொண்டிருந்தால் அந்தக் கலங்கலும் இதோடு சேரும். அதனால் பகலில் ஆட்கள் இருக்கிற போட்டோவுக்கு 1/500க்குக் குறையாமல் வைங்க. மலை, ஏரி, கோயில் கோபுரம் மாதிரி அசையாதது என்றால் ட்ரோனை நிறுத்தி 1/50ல் எடுத்தாலும் சரியாக வரும், காற்று அடிக்காமல் இருந்தால்.

இப்போது கறுப்புக் கண்ணாடி விஷயத்துக்கு வர்றேன். ஏமாற்றுவது அதுதான். நம்ம பக்கத்து உச்சி வெயிலில், ஐ.எஸ்.ஓ. 100 வைத்து, 2.8 அளவு திறப்பு உள்ள கேமராவில் சரியான வெளிச்சத்துக்கு ஷட்டர் சுமார் 1/3200 வேணும். சின்ன ட்ரோன்கள் பலவற்றில் அந்தத் திறப்பைச் சுருக்க முடியாது. வீடியோவுக்கு 1/50 வைத்தால் 64 மடங்கு வெளிச்சம் உள்ளே போய்ப் படம் வெளுத்துவிடும். அதனால் 64ல் ஒரு பங்கு வெளிச்சத்தை மட்டும் விடுகிற ஃபில்டரை மாட்டறாங்க. கடையில் என்.டி. 64 என்று கேட்கணும். வெயில் தாழ்ந்தால் என்.டி. 16, என்.டி. 8 என்று குறைத்துக்கொண்டே வரணும்.

வீடியோ முடிந்ததும் அந்தக் கண்ணாடியோடயே போட்டோவுக்கு மாறினால் என்ன ஆகும்? 1/500 வைத்தால் படம் இருட்டு. அதைச் சரிக்கட்ட ஐ.எஸ்.ஓ.வை 1000க்கு ஏற்றினால் முகமெல்லாம் ரவை கொட்டின மாதிரி புள்ளி புள்ளியா வரும். "ஆட்டோவில் விட்டால் அதுவே பார்த்துக்காதா?" என்று கேட்பீங்க. ஆட்டோ வெளிச்சத்தைத்தான் பார்க்கும், பாட்டி கையசைப்பது அதுக்குத் தெரியாது. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்து அது பாட்டுக்கு 1/50 பக்கமே போய் நிற்கும். மறுபடி அதே புகைக் கை.

கண்ணாடியைக் கழற்ற ட்ரோனைக் கீழே இறக்கித்தான் ஆகணும். அதனால் நான் சொல்கிற வழி இது: முதல் பேட்டரி முழுக்க வீடியோ, இரண்டாவது பேட்டரி முழுக்க போட்டோ. பேட்டரி மாற்ற எப்படியும் இறக்கத்தான் போறீங்க. அப்போதே கண்ணாடியைக் கழற்றிடுங்க, போட்டோவை ஆட்டோவில் வைங்க. கண்ணாடி இல்லாத பகல் வெளிச்சத்தில் ஆட்டோ நல்ல வேலைக்காரன். ஷட்டர் 1/500க்கு மேலே காட்டுதா என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கங்க. வீடியோவில் ஆட்டோ வேண்டாம். பந்தல் நிழலிலிருந்து ரோட்டு வெயிலுக்கு வரும்போது படம் இருண்டு வெளுத்து ஆட்டம் காட்டும். இன்னொன்று, கண்ணாடியை மாட்டுவதும் கழற்றுவதும் பவரை அணைத்த பிறகுதான். கேமராவைத் தாங்குகிற அந்தக் கை ரொம்ப மெலிசு.

முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி நடக்கிற வரவேற்பில் கதை மாறும். கண்ணாடியே வேண்டாம். சீரியல் லைட்டுக்குக் கீழே 1/500 வைத்தால் சில பல்பு எரியும், சிலது அணைஞ்சிருக்கும், பட்டையும் விழலாம். 1/100 வைங்க, ட்ரோனை ஒரே இடத்தில் நிறுத்துங்க, எல்லாரையும் ஆடாமல் நிற்கச் சொல்லிட்டு ஒரே தடவையில் அஞ்சாறு படம் தட்டுங்க. அதில் ஒன்று தேறும்.

நிறம். வீடியோவில் ஒயிட் பேலன்ஸை ஒரு எண்ணில் கட்டிப் போடணும், பகல் என்றால் 5500 பக்கம். கட்டாவிட்டால் கூறைப்புடவை நடுவழியில் நிறம் மாறும். போட்டோவுக்கு ஆட்டோ இருக்கலாம். ஆனால் சாயங்காலம் மஞ்சள் லைட்டுக்கு வைத்த எண்ணை மறுநாள் காலையில் மாற்றாமல் எடுத்தால் எல்லாரும் நீலம் பூத்துப்போய்த் தெரிவாங்க.

"போட்டோவே எடுக்க வேண்டாம், வீடியோவிலிருந்து ஒரு படத்தைப் பிடுங்கிக்கலாம்" என்று சில பேர் சொல்வாங்க. ஃபோர் கே வீடியோவில் ஒரு படம் 3840க்கு 2160 புள்ளி, ஆல்பத்தில் ஏறக்குறைய 13 அங்குல அகலம் வரும். அளவு போதும்தான். ஆனால் 1/50 கலங்கல் அதிலேயே இருக்கே! ஃபுல் ஹெச்.டி. என்றால் 6 அங்குலத்துக்கு மேல் தாங்காது. வீடியோ நீளவாக்கில் 16க்கு 9, போட்டோ 4க்கு 3. போட்டோவுக்கு மாறினதும் சட்டம் மாறும். ஓரத்தில் நிற்கிற ஒறம்பரை உள்ளே இருக்காங்களா, மேலே வெறும் வானம் நிறையுதா என்று பாருங்க. ஓரத்தில் வெட்டுப்பட்ட சித்தப்பாவுக்குப் பதில் சொல்றது ரொம்பக் கஷ்டம்.

மாறும்போது நடக்கிற இன்னொரு விபத்தும் உண்டு. போட்டோவிலிருந்து திரும்ப வீடியோவுக்கு வந்து பட்டனை அழுத்தி, ஓடுது என்று நினைத்து ஊர்வலம் முழுக்கப் பறக்கவிட்டு, கடைசியில் பார்த்தால் ஒரே ஒரு போட்டோ மட்டும் இருக்கும். திரையில் நிமிஷம் ஓடுதா என்று பார்த்த பிறகு ட்ரோனை நகர்த்துங்க.

எல்லா ட்ரோனும் ஒரே மாதிரி இல்லை. சிலது வீடியோ அளவையும் போட்டோ அளவையும் தனித்தனியா ஞாபகம் வைக்கும், சிலது ஒன்றை இன்னொன்றில் ஒட்டிவிடும். உங்களுடையது எது? வீட்டு வாசலில் தரையில் வைத்தே கண்டுபிடிக்கலாம். வீடியோவில் 1/50 வைங்க. போட்டோவுக்கு மாற்றி 1/500 வைங்க. திரும்ப வீடியோவுக்கு வந்து எண்ணைப் பாருங்க. பிறகு அணைத்துப் போட்டு ஒரு தடவை பாருங்க. அஞ்சு நிமிஷ வேலை, ஆர்டருக்கு முந்தின நாளே செய்துடணும்.

சட்டத்தையும் இரண்டு வார்த்தை சொல்லிடறேன். 2021 ட்ரோன் விதிகளின்படி பதிவு எண் வாங்கணும். 250 கிராமுக்கு மேல் எடையுள்ள ட்ரோனைக் கூலிக்கு ஓட்ட பைலட் சான்றிதழ் வேணும். அதுக்கு 18 வயசு ஆகியிருக்கணும், பத்தாம் வகுப்பு பாஸ் பண்ணியிருக்கணும். முன்னே பாஸ்போர்ட் கேட்டாங்க. 2023 செப்டம்பரிலிருந்து அது கட்டாயமில்லை, வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, ஓட்டுநர் உரிமம் இதில் ஒன்று போதும். வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரியில் தடை வந்திருக்கு. அதனால் விலை மலிவு என்று யாராவது நீட்டினால் பதிவு எண் கிடைக்குமா என்று முதலில் கேளுங்க. ஓமலூர் பக்கம் ஆர்டர் வந்தால் காமலாபுரம் விமான நிலையம் பக்கத்தில் இருக்கு என்பதை மறக்காதீங்க. அரசாங்க ட்ரோன் வரைபடத்தில் அந்த இடம் என்ன நிறத்தில் இருக்கு என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் வாங்குங்க. ஆத்துப் படித்துறை, வீட்டுக் கொல்லைப் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம். பெண்களாகிய நமக்கு அது ஏன் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

கடன் விண்ணப்பம் நிலுவையில்தான் இருக்கு. வாங்க நினைக்கிற சகோதரியும், ஏற்கெனவே வைத்திருக்கிறவங்களும் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ட்ரோன், ஃபில்டர் பெட்டி, சார்ஜ் ஏற்றின பேட்டரி இரண்டு, மெமரி கார்டு எல்லாம் கொண்டு வாங்க. கூட்டம் முடிந்ததும் வெளியே களத்துமேட்டில் உங்களையே நடக்கவைத்து, கையசைக்கவைத்து 1/50லும் 1/500லும் எடுத்துப் பார்க்கலாம். ஸ்டூடியோ வைத்திருக்கிற தம்பி ஒருத்தர் லேப்டாப்போடு வர்றேன் என்றிருக்கார். படத்தைப் பெரிசு பண்ணிக் காட்டுவார். அதைப் பார்த்த பிறகு கடன் கொடுக்கலாமா என்று நீங்களே முடிவு பண்ணுங்க.