சூரிய மின் பற்றரியைப் பேணுவோம்



மின்கம்பி உங்கள் வளவுக்கு வரும்வரை பிள்ளைகளின் படிப்புக்கும், பாம்பு பூச்சி பார்த்து முற்றத்தில் இறங்கவும் சூரிய மின்தொகுதிதான் துணை. அதில் முதலில் பழுதாவது பற்றரி.

12 வோல்ற், 40 அம்பியர்-மணி ஈயப் பற்றரியில் சுமார் 480 வாற்-மணி மின் இருக்கும். பாதிக்கு மேல் இறக்காதீர்கள், நீண்டகாலம் உழைக்கும். 5 வாற் எல்.ஈ.டி மின்குமிழ் இரண்டு 5 மணித்தியாலம் எரிய 50 வாற்-மணி போதும். மழை நாளுக்கும் மிஞ்சும்.

பற்றரி இறங்கி கொன்ரோலர் மின்னை நிறுத்தினால், நேரடியாக வயர் கொடுத்துத் தொலைக்காட்சி போடவேண்டாம். மூடி திறக்கும் பற்றரிக்குக் கிணற்றுத் தண்ணீர் கூடாது. காய்ச்சி வடித்த நீரே விடுங்கள். சார்ஜ் ஏறும்போது தீப்பற்றும் வாயு வரும். அடுப்புக்குத் தூரமாக, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அமிலம் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவுங்கள்.