சட்டத்துறைக்குச் செல்லும் நம் தங்கைமாருக்கு

(சங்கத்தின் நூற்றாண்டை முன்னிட்டுப் புதுக்குடியிருப்பில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



வைத்தியர் மேடையேறினால் நீரிழிவைப் பற்றிப் பேசுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது சட்டத்துறை. அதற்குக் காரணம் உண்டு. வன்னியில் வேலை செய்யும் வைத்தியர்களாகிய எங்களிடம் வருபவர்கள் நோயை மட்டும் கொண்டு வருவதில்லை. ஒரு பொலித்தீன் பையில் சுற்றிய பத்திரங்களையும் கொண்டு வருகிறார்கள். காயத்துக்குச் சான்று வேண்டும், மரணத்துக்குச் சான்று வேண்டும், காணிக்கும் சான்று வேண்டும். 2009 ஆம் ஆண்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியபோது உறுதியும் அனுமதிப்பத்திரமும் பிறப்புச் சான்றிதழும் எங்கே போயின என்று நம்மில் பலருக்கு இன்றும் தெரியாது.

அந்தப் பத்திரங்களின் பின்னால் சட்டங்கள் இருக்கின்றன. காணாமற்போனவர்களின் மரணத்தைப் பதிய 2010 ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. ஆனால் பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும் தாய் எப்படி மரணச் சான்றிதழை வாங்குவாள்? 2016 ஆம் ஆண்டின் திருத்தத்தின் பின்னர்தான், மரணம் என்று சொல்லாமல் காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெற முடிந்தது. காணியை எடுத்துக்கொள்ளுங்கள். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாத அரச காணியில் ஆண் வாரிசுகளுக்கே முன்னுரிமை இருந்தது. அது 2022 இல்தான் திருத்தப்பட்டது. பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் இத்தனை இருக்கும் நமது மாவட்டத்தில், இந்தத் திருத்தத்தை அறிந்தவர் எத்தனை பேர்?

இந்த அறிவைச் சனங்களிடம் கொண்டு சேர்ப்பது நீதிமன்றத்தில் வாதாடும் சட்டத்தரணி மட்டுமல்ல. கோவைகளை ஒழுங்காக வைப்பவர், தவணைத் திகதியைத் தவறவிடாமல் பார்ப்பவர், மொழிபெயர்ப்பவர், செலவைக் கணக்கிடுபவர், எந்த விண்ணப்பம் எந்த அலுவலகத்துக்குப் போகவேண்டும் என்று அறிந்தவர் எல்லோரும் சேர்ந்துதான் சட்டம் நடக்கிறது. பெரிய நிறுவனங்களின் சட்டப் பிரிவுகளில் இப்போது இது தனித் தொழிலாகிவிட்டது. சட்டச் செயற்பாட்டு முகாமைத்துவம் என்று அதைச் சொல்லலாம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இந்த வேலையைச் செய்த ஒரு சிலர், தங்களுக்குப் பாடப்புத்தகமோ மூத்தவர்களோ இல்லாததால், ஒரு சிறு வட்டமாகக் கூடி ஒருவரிடம் ஒருவர் கேட்டுப் படித்தார்கள். அந்த வட்டமே பின்னர் பல நாட்டவர் சேரும் அமைப்பாக வளர்ந்தது.

வைத்தியர்களுக்கு இது புதிதல்ல. நாங்கள் புத்தகத்தில் படித்தது பாதி. மீதியை விடுதிச் சுற்றில் பக்கத்தில் நின்றவரிடம் படித்தோம். இலங்கையில் தாய் மரணம் ஒவ்வொன்றும் மீளாய்வு செய்யப்படுகிறது. மருத்துவமாதும் வைத்தியரும் நிபுணரும் ஒன்றாக இருந்து, எங்கே தாமதித்தோம் என்று பார்ப்பார்கள். இந்த நாட்டில் தாய் மரணங்கள் குறைந்ததற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம். 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். தமிழ் மருத்துவ நூல்களைத் தனியே எழுதி முடிக்கவில்லை. மாணவர்களோடும் உதவியாளர்களோடும் சேர்ந்தே ஆக்கினார். தொழில் அறிவு வளர்வது இப்படித்தான்.

இனி நம் பிள்ளைகளைப் பாருங்கள். உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கோ கொழும்புக்கோ சட்டம் படிக்கப் போகிறார்கள். பட்டத்தோடு வேலை முடியாது. சட்டக்கல்லூரிப் பரீட்சை உண்டு, மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் ஆறு மாதப் பயிற்சி உண்டு. அப்பாவோ மாமாவோ சட்டத்தரணியாக இருக்கும் பிள்ளைக்கு அந்த மூத்தவர் வீட்டிலேயே கிடைப்பார். வன்னிப் பிள்ளை யாரிடம் போய்க் கேட்பாள்? கொழும்பில் எங்கே தங்குவாள்? சட்டக்கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் ஒழுங்குவிதி 2020 இறுதியில் வந்தபோது தமிழ் மொழிமூலப் பிள்ளைகள் கலங்கிப்போனார்கள். 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அதை நிராகரித்தது. ஆனாலும் ஆங்கிலம் தெரியாமல் தொழிலில் முன்னேறுவது கடினம் என்பதை மறைக்கத் தேவையில்லை.

ஆகவே சங்கத்திடம் சில விடயங்களைக் கேட்கிறோம். முதலாவது, சட்டத்தரணி, பதிவாளர், மொழிபெயர்ப்பாளர், நிறுவனச் சட்ட அலுவலர் எனச் சட்டத்தோடு தொடர்புடைய பழைய மாணவிகளின் பட்டியல் ஒன்று வேண்டும். இரண்டாவது, மாதம் ஒருமுறை தொலைபேசியில் கூடும் ஒரு வட்டம் வேண்டும். லண்டனிலும் டொரன்டோவிலும் இருப்பவர்களும் சேரலாம். பணம் அனுப்புவதைப்போல ஒரு மணி நேரத்தையும் அனுப்பலாம். மூன்றாவது, பயிற்சிக் காலத்தில் கொழும்பில் தங்க ஒரு வீட்டு அறையும், ஆங்கிலத்தில் கடிதம் எழுதப் பழக்க ஒரு அக்காவும் வேண்டும்.

தங்கைமாருக்கும் சில சொல்ல இருக்கிறது. வேலை கேட்டுப் பழகாதீர்கள். வேலையைப் பற்றிக் கேட்டுப் பழகுங்கள். "அக்கா, எனக்கு உதவி செய்யுங்கோ" என்றால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. "அக்கா, இந்த ஒப்பந்தப் பதிவேட்டை நீங்கள் எப்படி வைத்திருக்கிறீங்கள்?" என்றால் உடனே பதில் வரும். ஒருவரிடம் கற்றதை அடுத்தவளுக்குச் சொல்லுங்கள். வட்டத்தில் முறையைப் பேசலாம்; ஆளைப் பேசக்கூடாது. நோயாளியின் இரகசியம் எங்களுக்கு எப்படியோ, கட்சிக்காரரின் இரகசியம் உங்களுக்கும் அப்படியே.

2017 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கேப்பாப்புலவிலும் இந்தப் புதுக்குடியிருப்பிலும் தங்கள் காணியைக் கேட்டு மக்கள் படைமுகாம் வாசலில் இரவு பகலாக இருந்தார்கள். அவர்களில் பெரும் பங்கு பெண்கள். அப்படிப்பட்டவர்களின் பக்கத்தில் பத்திரத்தை வாசித்து விளங்கப்படுத்த ஒரு பெண் இருக்கவேண்டும். அவள் நம் பாடசாலைச் சீருடை அணிந்தவளாக இருக்கட்டும். நூற்றாண்டுக்கு மண்டபம் கட்டுவோம், நல்லது. அதோடு இந்த வட்டத்தையும் இந்த ஆண்டிலேயே தொடங்குவோம். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் கொடுங்கள்.