சாவி யாரிடம் இருக்கிறது?

(நம் சங்கத்தின் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"உன் வேலையைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசு, ஆனா சிவில்காரனுக்கும் புரியணும்" என்று செயலாளர் நிபந்தனை போட்டிருக்கிறார். முயற்சி செய்கிறேன்.

2006இல் நம் கம்ப்யூட்டர் லேபில் ஐபி மெசஞ்சர் என்று ஒரு சின்ன மென்பொருள் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? அதற்கு சர்வரே கிடையாது. திறந்தவுடன் "நான் வந்திருக்கிறேன்" என்று லேப் முழுவதற்கும் கூவும். மற்ற கம்ப்யூட்டர்கள் "நாங்களும் இருக்கிறோம்" என்று பதில் சொல்லும், அவ்வளவுதான். ஒரு நாள் ஓர் ஆசாமி தன் பெயரைத் துறைத்தலைவர் பெயராக மாற்றிக்கொண்டு, "நாளை முதல் இரண்டு வகுப்புகள் இல்லை" என்று அனுப்பிவிட்டான். மறுநாள் பாதி வகுப்பு ஹாஸ்டலில் தூங்கியது. அந்த ஆசாமி யார் என்று இந்த அரங்கில் சிலருக்குத் தெரியும். நான் இல்லை.

மையம் என்று ஒன்று இல்லாமலே செய்தி போகும் என்பதை நான் முதலில் பார்த்தது அங்கேதான். மையம் இல்லையென்றால், இவன்தான் இவன் என்று சொல்வதற்கு ஆள் இல்லை என்பதைப் பார்த்ததும் அங்கேதான். இத்தனை வருஷம் கழித்து அதே இரண்டு விஷயங்களோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

2021 அக்டோபர் 4ஆம் தேதி வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுக்க நின்றுபோயின. யாரும் தாக்கவில்லை. பராமரிப்பு வேலையில் அந்த நிறுவனத்துக்குள்ளேயே நடந்த ஒரு தவறு. வாட்ஸ்அப் 2016 முதல் நம் செய்திகளை முனையிலிருந்து முனைவரை சங்கேதமாக்கித்தான் அனுப்புகிறது. நடுவில் இருக்கும் நிறுவனமே படிக்க முடியாது. ஆனால் தபாலாபீஸ் ஒன்றே ஒன்றுதான். அது கதவைச் சாத்தினால் எல்லோருக்கும் சாத்தியதுதான்.

இதற்கு மாற்றாக 2014இல் தொடங்கியது மேட்ரிக்ஸ் என்ற திறந்த நெறிமுறை. இமெயில் மாதிரி. யார் வேண்டுமானாலும் சொந்த சர்வர் வைத்துக்கொள்ளலாம், ஒரு சர்வரில் இருப்பவர் வேறு சர்வரில் இருப்பவரோடு பேசலாம். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து அதன் மேல் ஒரு செயலி கட்டினோம். சிக்னலை உருவாக்கிய மாக்ஸி மார்லின்ஸ்பைக் இந்தப் பாதையே சரிப்படாது என்று 2016இல் எழுதினார். பல சர்வர்கள் இருந்தால் எல்லோரும் சேர்ந்து மாறுவதற்குள் காலம் ஓடிவிடும் என்பது அவர் வாதம். அதில் உண்மை இருக்கிறது என்பதை நாங்கள் ஒவ்வொரு மாதமும் அனுபவிக்கிறோம்.

என் வீட்டு அலமாரியில் ஒரு சின்னக் கம்ப்யூட்டரை வைத்து, குடும்பத்தில் 11 பேருக்கு சர்வர் நடத்தினேன். முதல் வாடிக்கையாளர் அப்பா. தபால் துறையில் சப் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கேதம் பற்றி நான் நீட்டி முழக்கியதும் அவர் சொன்னார்: "அதாவது போஸ்ட் கார்டு இல்லாம ஒட்டின கவர். ஆனா தம்பி, கவரைப் பிரிக்காமலே எங்களுக்கு ஊர்க்கதை பாதி தெரியும். யாருக்கு எங்கேருந்து எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருதுன்னு பாத்தாப் போதாதா?" நாங்கள் மெட்டாடேட்டா என்று பெரிதாகப் பேர் வைத்திருப்பது அதைத்தான்.

சாவியை நேரில் கொடுக்காமலே இருவர் ஒரே ரகசியத்துக்கு வர முடியும் என்று 1976இல் டிஃபியும் ஹெல்மேனும் காட்டினார்கள். ஆனால் நடுவில் ஒருவன் உட்கார்ந்துகொண்டு உங்களிடம் நானாகவும், என்னிடம் நீங்களாகவும் நடித்தால்? நம்ம லேப் ஆசாமிதான் இவன், கொஞ்சம் படித்தவன். அவனைப் பிடிக்க இரண்டு திரைகளிலும் ஏழு சின்னப் படங்கள் வரும். நடுவில் யாரும் இல்லையென்றால் இரண்டிலும் ஒரே படங்கள். அப்பா போனில் உரக்கப் படித்தார்: "யானை, சேவல், மரம், குடை, சைக்கிள், மணி, வாழைப்பழம். என்னடா, ஒண்ணாங்கிளாஸ் பாடமா இருக்கு?" எல்லாம் பொருந்தியது.

அடுத்த திரைதான் முக்கியமானது. 48 எழுத்துள்ள மீட்புச் சாவி ஒன்றைக் காட்டி, காகிதத்தில் எழுதி வைக்கச் சொல்லும். கீழே "பிறகு" என்று ஒரு பொத்தான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அடுத்த தடவை ஊருக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, அந்தப் பொத்தானை அழுத்தச் சொன்னவன் நான். அந்தப் பொத்தான் வேண்டும் என்று குழுவில் வாதாடி வாங்கியவனும் நானே.

2023இல் அப்பா காலமானார். அதற்கு முன் பேத்தியிடம், "உனக்குத் தாத்தா ஒண்ணு எழுதிக்கிட்டிருக்கேன்" என்று சொல்லியிருக்கிறார். செயலியில் தான் மட்டும் இருக்கும் ஓர் அறையை உண்டாக்கி, அதற்கு "நோட்டு" என்று பெயர் வைத்து எழுதியிருக்கிறார். போனைத் திறக்கும் கோடு யாருக்கும் தெரியவில்லை. தம்பி ஒரு கடைக்குக் கொண்டுபோனான். திறந்து தருகிறேன் என்று வாங்கியவர் சுத்தமாகத் துடைத்துத் தந்துவிட்டார். சாவி அந்த போனில் மட்டும்தான் இருந்தது.

சர்வர் என் அலமாரியில். செயலி நாங்கள் கட்டியது. உட்கார்ந்து பார்த்தேன். 214 செய்திகள் இருக்கின்றன. ஒன்றைக்கூடப் படிக்க முடியாது. ஒவ்வொரு செய்தியும் வெவ்வேறு சாவியால் பூட்டியது. இருக்கிற கம்ப்யூட்டர்களையெல்லாம் கூட்டிவைத்து முயன்றாலும் நம் ஆயுளில் ஆகாது. ஆனால் கவர் தெரிகிறதே! எந்த நேரத்தில் எழுதினார், ஏறக்குறைய எவ்வளவு நீளம் என்பது தெரிகிறது. கடைசி இரண்டு மாதங்களில் பெரும்பாலானவை இரவு இரண்டு மணிக்கும் மூன்றரைக்கும் நடுவில் எழுதியவை. அவர் திண்ணையில் படுப்பவர். தூங்காமல் இருந்திருக்கிறார் என்பது அம்மாவுக்கே அப்போதுதான் தெரிந்தது.

சாதாரணக் கம்பெனி என்றால் இறப்புச் சான்றிதழை அனுப்பி மன்றாடலாம். இங்கே மன்றாட வேண்டிய ஆள் நானே. என்னிடம் சாவி இல்லை. யாரிடமும் சாவி இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் அத்தனை வருஷம் உழைத்தோம்.

பிறகு என்ன செய்தோம் என்று சொல்கிறேன். 1979இல் ஷமீர் என்ற இஸ்ரேலியக் கணித அறிஞர் ஒரு வழி சொன்னார். இரண்டு புள்ளி தெரிந்தால் ஒரு நேர்கோடு முடிவாகிவிடும். பரவளையத்துக்கு மூன்று புள்ளி வேண்டும். இரண்டு மட்டும் கிடைத்தால் அவற்றின் வழியே எண்ணற்ற வளைவுகள் வரையலாம், எது சரி என்று தெரியாது. ஆகவே சாவியை ஒரு வளைவில் ஒளித்து, ஐந்து உறவினருக்கு ஆளுக்கொரு புள்ளி கொடுத்துவிட்டால், எவர் மூவர் சேர்ந்தாலும் சாவி கிடைக்கும். எங்கள் குடும்பத்தில் மூன்று பேர் ஒன்று சேர்வது அந்தக் கணக்கைவிடக் கடினம், அது வேறு விஷயம்.

குழுவில் உடனே ஒருவர் கேட்டார்: "ஆள் உயிரோடு இருக்கும்போதே மூணு பேர் கூட்டுச் சேர்ந்தா?" சரி, மூவர் கேட்டால் பதினைந்து நாள் காத்திருக்க வேண்டும், அதுவரை உரியவரின் போனுக்குத் தினம் தகவல் போகும், அவர் மறுத்தால் முடிந்தது என்று வைத்தோம். அந்தப் பதினைந்து நாளைக் கணக்குப் பார்ப்பது யார்? சர்வர். அப்படியானால் சர்வரை நம்ப வேண்டும். எந்த நம்பிக்கையே தேவைப்படக் கூடாது என்று புறப்பட்டோமோ, அது கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்துகொண்டது. இதற்கு இன்னும் நல்ல விடை எங்களிடம் இல்லை. இங்கே யாருக்காவது தோன்றினால் சாப்பாட்டு இடைவேளையில் என்னைப் பிடியுங்கள்.

"பிறகு" பொத்தானை எடுத்துவிட்டோம். சாவியை எழுதிக்கொள்ளாமலோ பங்கிட்டுக் கொடுக்காமலோ முதல் செய்தியே அனுப்ப முடியாது. அந்த இடத்திலேயே பலர் செயலியை விட்டுவிட்டுப் போகிறார்கள். மாதம் ஒருமுறை இதற்காக எங்களுக்குள் சண்டை நடக்கிறது.

தம்பி வேறொன்று கேட்டான். "அப்பா பேத்திக்குன்னு எழுதினதை, அதுவும் முடிக்காததை, நாம படிச்சிருக்கணுமா?" நான் பதில் சொல்லவில்லை. போன வருஷம் சர்வரின் டிஸ்க் பழுதாகிப் புதிது மாற்றினேன். தேவையற்றதையெல்லாம் கழித்தேன். அந்த 214ஐயும் புதியதில் ஏற்றி வைத்திருக்கிறேன்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.