மிட்டாயோடு முடிகிற நாளா இது?



குடியரசு நாளான இன்று காலை மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் சட்டையில் கொடி குத்திவிடச் சொல்லி என்னிடம் வந்தான். குண்டூசி உள்ளே இறங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நின்றான். “இன்னைக்கு என்ன நாள்டா?” என்று கேட்டேன். “மிட்டாய் குடுக்குற நாள் சார்” என்றான். அவன்மேல் எனக்கு வருத்தமில்லை. வருத்தம் நம்மேல்தான். ஒரு வாரமாக வெயிலில் நிறுத்தி, கால் தப்பாமல் நடக்கக் கற்றுக்கொடுத்தோம். எதற்காக நடக்கிறோம் என்று ஒரு வார்த்தை சொன்னோமா?

பெரிய பிள்ளைகள் தேதியை ஒப்பிப்பார்கள். அரசியல் நிர்ணய சபை 1949 நவம்பர் 26 அன்றே அரசியலமைப்புச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. பிறகு அதை நடைமுறைக்குக் கொண்டுவர ஏன் இரண்டு மாதம் காத்திருந்தார்கள்? முழு விடுதலையே வேண்டும் என்று 1930 ஜனவரி 26 அன்று நாடெங்கும் மக்கள் உறுதிமொழி எடுத்தார்கள். அந்த நாளை மறக்கக் கூடாது என்பதற்காகத்தான். இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

நின்று நிதானமாகச் சொல்ல வேண்டியது அந்தச் சட்டத்தின் 15ஆவது பிரிவு. சாதி, மதம், பால் எதைக் காட்டியும் யாரையும் தடுக்கக் கூடாத இடங்களை அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கடை, ஓட்டல், கிணறு, குளம், படித்துறை, சாலை. இத்தனை பெரிய நாட்டின் தலையாய சட்டத்துக்குள் படித்துறை எப்படி வந்தது? படித்துறையிலிருந்து விரட்டப்பட்டவர்கள் இருந்ததால் வந்தது. குளத்தில் குதித்து விளையாடும் பிள்ளைக்கு இது புரியாதா? நமக்கு முன்னால் அவனுக்குப் புரியும்!

தீண்டாமையை ஒழித்த 17ஆவது பிரிவின் பின்னால் ஒரு பள்ளி ஆசிரியை இருக்கிறார். தாட்சாயணி வேலாயுதன். கொச்சிப் பக்கம் பிறந்தவர், தலித் சமூகத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குப் போன ஒரே பெண். நம் சென்னை மாகாணத்தின் உறுப்பினராகத்தான் போனார். 1948 நவம்பரில் அந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது எழுந்து பேசினார். சட்டம் போட்டால் மட்டும் போதாது, இனி மக்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பது அவர் பேச்சின் சாரம். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

“சின்னப் பிள்ளைகளிடம் சாதியைப் பற்றி ஏன் பேச வேண்டும், அவர்களாகக் கேட்டார்களா?” என்கிறார்கள் சிலர். ஐயா, நாம் பேசாவிட்டால் அவர்கள் கற்றுக்கொள்ளாமலா இருக்கிறார்கள்? மணிக்கட்டில் கட்டுகிற கயிற்றின் நிறத்தை வைத்து ‘இவன் யார்’ என்று பிள்ளைகள் கண்டுபிடிக்கிறார்கள். அதை யார் கற்றுக்கொடுத்தார்கள்? வீட்டுத் திண்ணையில் கற்றார்கள். 2023ஆம் ஆண்டு நாங்குநேரியில் சாதியின் பேரில் ஒரு மாணவனை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள் வெளியூர் ரவுடிகள் அல்ல, கூடப் படித்த பையன்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அந்தப் பையன்களும் ஜனவரி 26 அன்று கொடிக்கு வணக்கம் வைத்துத்தானே வளர்ந்திருப்பார்கள்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பட்டியல் சமூகத்து ஊராட்சித் தலைவர்கள் கொடியேற்றுவதை யாரும் தடுக்கக் கூடாது என்று 2022இல் தமிழகத் தலைமைச் செயலாளரே மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. சட்டம் வந்து 72 ஆண்டுகள் கழித்து! மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவர், கொடிக்கயிற்றைத் தொட ஒரு கடிதம் தேவைப்படுகிறது. இதைப் பார்த்து வளரும் பிள்ளைக்குச் சமத்துவம் என்பது பரீட்சையில் எழுதுகிற ஆறெழுத்துச் சொல், வேறொன்றுமில்லை.

ஆகவே கேட்கிறேன். அடுத்த ஆண்டு அணிவகுப்புப் பயிற்சியில் ஒரு நாளைக் குறையுங்கள். அரசியலமைப்பின் முகவுரையைப் பிள்ளைகளே வாய்விட்டுப் படிக்கட்டும், ஒவ்வொரு சொல்லுக்கும் நம் ஊரிலிருந்து ஓர் உதாரணம் சொல்லட்டும். கசப்பான உதாரணம் வந்தால் அதட்டி உட்கார வைக்காதீர்கள்.

இன்று 11 மணிக்குக் கிராம சபை. புளியமரத்தடியில் ஜமுக்காளம் விரித்தாகிவிட்டது. பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லை, கண்ணும் காதும் இருக்கின்றன. யார் ஜமுக்காளத்தில் உட்காருகிறார்கள், யார் ஓரமாக நிற்கிறார்கள் என்று அவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மிட்டாய் வாங்கியதும் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். கையைப் பிடித்து அங்கே கூட்டி வாருங்கள், எல்லோரையும் கலந்து முன்வரிசையில் உட்கார வைப்போம்.